வினாடிக்கு இருபத்தைந்து

கோவையை அடுத்த ஒரு நூற்பாலையில் பொன்னுரங்கம் தலைமை மெக்கானிக். ஐம்பத்து நான்கு வயது. சனிக்கிழமைகளில் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய், தன்னைவிட இருபது வயது இளையவரான சற்குணவதியிடம் மின்கருவிகள் பற்றிப் படித்துவந்தார்.

ஆலையின் பெரிய விசிறி ஒரு வாரமாக நடுங்கியது. பேரிங்கைச் சரியாகப் பொருத்தவில்லை என்று ஃபிட்டர் மாசிலாமணியை வேலையிலிருந்து நீக்க நிர்வாகம் தீர்மானித்தது. பொன்னுரங்கம் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. பேனாவை மூடிவைத்துவிட்டு ஆசிரியையை அழைத்தார்.

சற்குணவதி கருவியோடு வந்தார். இரண்டு பேர் தூக்கும் பெட்டி. முகப்பில் வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்கள் குறித்த ஒரு டயல், ஒரு முள். விசிறியின் நடுக்கத்தை மின்சாரமாக்கித் தரும் சிறு உணர்கருவியை ஓடிக்கொண்டிருந்த அதன் தாங்குசட்டத்தின் மேல் பொருத்தி, கம்பியைப் பெட்டியில் இணைத்தார்.

"எல்லா அதிர்வும் கலந்துதானுங்களே வருது. இது எப்படிப் பிரிக்கும்?"

"பிரிக்காது. டயல் காட்டுற ஒண்ணை மட்டும் உள்ளே விடும். மத்ததைத் தடுத்துரும். திருப்புங்க."

பொன்னுரங்கம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே மூச்சில் திருப்பினார். முள் லேசாகத் துடித்தது. அவ்வளவுதான்.

"எதுவும் பெரிசா இல்லீங்கம்மா."

"மறுபடி திருப்புங்க. ஒவ்வொரு எண்ணிலும் மூச்சை இழுத்து விட்டுட்டுப் போங்க."

அவர் அப்படியே செய்தார். பத்து. பதினைந்து. இருபது. முள் அசையவில்லை. இருபத்தைந்தில் மெல்லக் கிளம்பியது. ஏறிக்கொண்டே போய் முக்கால் பங்கில் நின்றது. அதற்கு மேலே கடைசிவரை போனார். வேறெங்கும் அது எழவில்லை.

பொன்னுரங்கம் வாய்க்குள் கணக்குப் போட்டார்.

"விசிறி நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுத்து. வினாடிக்கு இருபத்தைந்து. பேரிங்கா இருந்தா இன்னும் மேலே எங்கேயாவது எழுந்திருக்கும். இது விசிறியோட எடைதானுங்க. ஒரு பக்கம் குறைஞ்சிருக்கு."

"நிறுத்திப் பாருங்க."

நிறுத்திப் பார்த்தார்கள். பின்பக்கத்து இறக்கை ஒன்றில் உள்ளங்கை அளவு தகடு உடைந்து போயிருந்தது. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

நீக்க உத்தரவைப் பொன்னுரங்கம் நான்காகக் கிழித்தார். மாசிலாமணியைக் கூப்பிட ஆள் அனுப்பினார். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, முதல் தடவையும் நான் இருபத்தைந்தைத் தாண்டித்தானே போனேன். அப்பவே ஏனுங்க இது சொல்லலை?"

சற்குணவதி கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்ல ஆரம்பிச்சுதுங்க. அதுக்குள்ளே நீங்க நகர்ந்துட்டீங்க."