கொம்பழகியைப் பெண் பார்க்கப் போன கதை

கடலை ஒட்டிய ஒரு காட்டில் செவலையன் என்று ஓர் ஆட்டுக்கிடா இருந்தது, பிள்ளைகளே. தங்கமான கிடா. ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடும்.

அதற்குக் கொம்பழகி என்ற பெண்ணைப் பேசியிருந்தார்கள். போன திருவிழாவுக்குக் கரைக்கு வந்தவளைப் பார்த்ததிலிருந்து, "கட்டினால் இவளைத்தான் கட்டுவேன்" என்று செவலையன் புல்லைக்கூடச் சரியாகத் தின்னவில்லை. பெண்ணின் ஊர்தான் கொஞ்சம் ஏடாகூடம். நடுக்கடலில், மருந்துக்கும் ஒரு மரமில்லாத மொட்டைப் பாறைத் தீவு.

பெண் பார்க்கக் கிளம்பும் நாள் வந்தது. முதுகில் ஏற்றிப் போக ஆமை வந்து நின்றது. அந்தத் தீவுக்கு அடிக்கடி போய்வருகிற ஆமை அது.

"தம்பி, ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொள். அங்கே மழை பெய்து நாளாயிற்று. பாறையும் வழுக்கும், காலில் எதையும் பூசிக்கொள்ளாதே" என்றது ஆமை.

"சரி அண்ணே" என்று செவலையன் குடத்தை நிரப்பிக் கொம்பில் மாட்டிக்கொண்டது.

அப்போதுதானா வரவேண்டும் வீராப்பன் குரங்கு! காட்டில் எந்தக் கல்யாணமானாலும் அதுதான் மாமா. யாருக்கு மாமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"அட, கூறு கெட்டவனே! பெண் வீட்டுக்கு எவனாவது தண்ணீர் சுமந்து போவானா? 'ஒரு வாய்த் தண்ணீருக்கு வழியில்லாத வீடு என்று நினைத்தீர்களா' என்று சம்பந்தி கேட்டால், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இறக்கி வை!"

"ஆமை அண்ணன் சொல்கிறாரே, மாமா..."

"அவருக்குக் கடல் தெரியும். சம்பிரதாயம் தெரியுமா?"

செவலையன் குடத்தை இறக்கி வைத்தது. குரங்கு அதன் நான்கு குளம்புகளுக்கும் நல்லெண்ணெய் தடவிப் பளபளவென்று மினுக்கியது. தட்டு நிறைய வெற்றிலை, பூ, முறுக்கு, உப்புக்கடலை. ஆமை இருவரையும் முதுகில் ஏற்றிக்கொண்டது. சொல்லிப் பார்த்தாயிற்று, இனி அவர்கள் பாடு.

வெயிலோ வெயில். போகும் வழியிலேயே பாதி முறுக்கையும் உப்புக்கடலை மொத்தத்தையும் குரங்கு காலி செய்தது. தீவு வருவதற்குள் அதன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கரையில் பெண்ணின் அப்பா காத்திருந்தார். செவலையன் கம்பீரமாகப் பாறையில் கால் வைத்தது. சர்ர்ரென்று சறுக்கி, சம்பந்தியின் காலடியில் போய் விழுந்தது.

"மாப்பிள்ளைக்கு மரியாதை அதிகம்" என்று சமாளித்தது குரங்கு. "சம்பந்தி, குடிக்கக் கொஞ்சம்..."

பெரியவரின் முகம் வாடியது. "நாங்களும் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடையில் இங்கே வருகிறவர்கள் குடத்தோடு வருவதுதான் வழக்கம்."

ஆனாலும் வந்தவர்களை எப்படி விடுவது? குட்டிகளுக்காக வைத்திருந்த ஒரு சிரட்டைத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். குரங்கு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றது. கொம்பழகியின் தம்பிக்குட்டி ஓடிவந்து வெறும் சிரட்டையை நக்கியது. செவலையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொம்பழகி முன்னால் வந்தாள். "தண்ணீர் எடுத்து வரும்படி உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?"

செவலையனுக்குப் பொய் வராது. "சொன்னார்கள். கொம்பில்கூட மாட்டிவிட்டேன். மாமாதான் இறக்கி வைக்கச் சொன்னார்."

"உங்களுக்கு இவர் என்ன முறையில் மாமா?"

செவலையன் யோசித்துப் பார்த்தது. "தெரியவில்லையே..."

"யாரோ சொன்னார் என்று குடத்தை இறக்கி வைத்தீர்கள். நாளைக்கு இன்னொருவர் சொன்னால் என்னையும் இறக்கி வைப்பீர்கள். போய் வாருங்கள்" என்றாள் கொம்பழகி.

திரும்பும் வழியெல்லாம் செவலையன் "ம்மே, ம்மே" என்று அழுதது.

"விடுடா, இந்த இடம் இல்லாவிட்டால் வேறு இடம். நான் பார்த்து முடிக்கிறேன்" என்றது குரங்கு.

"மாமா, நீங்கள் வாயை மூடிக்கொண்டு வாருங்கள்!" என்று கத்தியது செவலையன்.

நல்ல பேச்சுதான். கிளம்பும்போதே பேசியிருக்கலாம்.

நீதி: போகிற ஊரை அறிந்தவர் சொல்கேட்டு மூட்டை கட்டு, வறட்டுக் கௌரவம் வழிக்கு உதவாது.