வெறுங்கையில் ஒரு முத்து

முன்னொரு காலத்துல ஆற்றூர்ச் சீமையை மாறங்கோன்னு ஒரு ராஜா ஆண்டு வந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா நினைச்சது நினைச்ச நேரத்துல நடக்கணும். எந்த நாட்டுல வாத்தியாரை நல்லாப் பழக்குறாங்கன்னு பார்த்து, சிறந்த வாத்தியாரைக் கொண்டு வர்றவருக்கு முத்துமாலைன்னு சொல்லி, மந்திரி செம்பியனாரையும் பிரதானி வீரபாகுவையும் ஆளுக்கொரு திசைக்கு அனுப்பினாரு. வீரபாகுவுக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும்.

மலைநாட்டுக்குப் போன மந்திரி தனியாத்தான் திரும்பினாரு. அங்கே வாத்தியாராகப் போறவன் ஒரு வருஷம் பிள்ளைங்க நடுவுல வாயே திறக்காம உட்கார்ந்து, அதுங்க கேக்குறதைக் காதுல வாங்கணுமாம். 'தெரியாது, வா பார்ப்போம்'னு கூச்சமில்லாம சொல்ல வந்தாத்தான் கையில சுவடி கொடுப்பாங்களாம். சபையே சிரிச்சுது.

வீரபாகு கல்நாட்டு வாத்தியார் ஒருத்தரையே கூட்டி வந்துட்டாரு. அங்கே ஏழு வருஷப் பயிற்சி. 'தெரியாது'ன்னு ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாலும் விரட்டிடுவாங்க. ராஜாவுக்கு அது பிடிச்சுப் போச்சு. அரண்மனைப் பள்ளியில நாற்பது பிள்ளைங்களையும், தன் ஒரே மக பூவிழியையும் அவர்கிட்ட ஒப்படைச்சாரு.

ஒரு மாசம் போச்சு. 'ஏன், ஏன்'னு அப்பன் உசிரை வாங்கின பொண்ணு கேள்வியே கேக்கலை. வாயைத் திறந்தா, எட்டு வயசுத் தொண்டையிலேருந்து வாத்தியாரோட கட்டைக் குரல் வந்துச்சு. அவரு இருமினா நாற்பதும் சேர்ந்து இருமுச்சுங்க. ராஜா பயந்து போனாரு. வெளியே சொல்ல வெட்கம். வீரபாகு வாத்தியாரையும் பிள்ளைங்களையும் சபையில கொண்டு வந்து நிறுத்தி, நாடு முழுக்க இனி இதே பயிற்சிதான்னு எழுதின ஓலையில முத்திரை வைக்கச் சொல்லி ராஜாவை அவசரப்படுத்தினாரு.

அப்பத்தான் மந்திரி எழுந்து, மூடின கையை நீட்டினாரு. "வாத்தியாரே, இதுல என்ன?"

"முத்து," அப்படின்னாரு வாத்தியார், கண்ணிமைக்காம.

"முத்து," நாற்பது பிள்ளைங்களும் ஒரே குரல்ல சொல்லிச்சுங்க. பூவிழியும் சொன்னா.

மந்திரி விரலை விரிச்சாரு. ஒண்ணுமில்லை. வெறும் ரேகை. வாத்தியார் அதையே பார்த்துக்கிட்டு மறுபடி முத்துன்னாரு. பிள்ளைங்களும் வெறுங்கையைப் பார்த்து முத்துன்னுச்சுங்க. பட்டப்பகல்ல சபை முழுக்க மயிர்க்கூச்செறிஞ்சுது. ராஜா மகளைக் கூப்பிட்டாரு. அவ திரும்பலை.

மந்திரி அவ முன்னால குந்தி உட்கார்ந்தாரு. "எனக்குத் தெரியலையே தாயி. கிழட்டுக் கண்ணு. நீ தொட்டுப் பார்த்துச் சொல்லேன்."

பொண்ணு மெதுவா அவரு பக்கம் திரும்பினா. அப்புறம் ஒரு விரலால தொட்டா, தடவினா.

"ஒண்ணுமே இல்லையே," அவளோட சொந்தக் குரல்ல சொன்னா. "அப்புறம் ஏன் முத்துன்னு சொன்னேன்?"

அந்த 'ஏன்' காதுல விழுந்ததும் ராஜா சபைன்னும் பார்க்காம அழுதுட்டாரு. மத்த பிள்ளைங்களும் ஒவ்வொண்ணா வந்து தொட்டுப் பார்த்துச்சுங்க. வாத்தியார் மட்டும் முத்து முத்துன்னு சொல்லிக்கிட்டே வாசலைத் தாண்டி நடந்து போயிட்டாரு.

"வீரபாகு, நீர் சொல்லும். மந்திரி கையில என்ன?" ராஜா கேட்டாரு.

தோத்தேன்னு சொல்ல அந்த ஆளுக்கு மனசு வரலை. "முத்துதான் மகாராஜா."

"அப்ப உமக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கும்," அப்படின்னு ராஜா கண்ணைக் காட்ட, மந்திரி தன் வெறுங்கையை வீரபாகு கையில கவிழ்த்தாரு. மாலை மந்திரி கழுத்துக்குப் போச்சு, ஓலை அடுப்புக்குப் போச்சு.

மூடின கையோட வீடு போன வீரபாகு, சாகுற வரைக்கும் அந்த விரலை விரிக்கலை. உள்ளே என்ன இருக்குன்னு ஆற்றூர்ப் பிள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க. "தெரியாது, வா பார்ப்போம்"னு அதுங்க கிளம்பிடும்.