ஒன்பதாவது மேளக்காரர்

முன்னொரு காலத்தில் மாந்தோப்பு நாட்டைக் கோமேதகராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் இட்லி கேட்டால், அது வருவதற்குள் புட்டு கேட்பார்.

அரண்மனை மேளத்தில் ஒன்பது பேர். தினமும் அம்மன் சன்னதியில் வாசிப்பார்கள். பக்கத்து தேசத்து ராஜா தங்கக் காப்பு போடுகிறேன் என்று ஆசைகாட்ட, நாதஸ்வரக்காரர்கள் உட்பட ஆறு பேர் போய்விட்டார்கள். மிச்சம் தவில் முத்தையா, தாளம் பக்கிரி, ஒத்து ஊதும் குழந்தையன். ஒத்து என்றால் தெரியுமில்லையா? பாட்டு முடிகிறவரை ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதுவது.

தன் மச்சானின் எக்காளக் கூட்டத்தை அரண்மனையில் நுழைக்கக் காத்திருந்த மந்திரி தாண்டவராயருக்கு ஏகக் கொண்டாட்டம்.

"மகாராஜா, மூன்று பேர் ஒரு மேளமா? பூரணம் இல்லாத கொழுக்கட்டை! கலைத்துவிடலாம்."

குழந்தையன் கும்பிட்டான். "அம்மனுக்கு ஊதின வாய், மகாராஜா. ஒரு தவணை கொடுங்க."

"வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் சபையில் வாசிக்க வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் ஊரை விட்டே போய்விட வேண்டும்!" என்றார் ராஜா.

"வெளியாள் கூடாது, அரண்மனை ஆட்கள் மட்டும்தான்" என்று முந்திக்கொண்டார் ராயர். "முதலிலிருந்து முடிவுவரை தாளம் தப்பாதவர்தான் கணக்கு!"

குழந்தையன் நேரே அரண்மனை நெல் குத்தும் கொட்டிலுக்குப் போனான். அங்கே செவ்வந்தியும் நாலு பெண்களும் பாடிக்கொண்டே குத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நாதஸ்வரம் போயிடுச்சு. உங்க குரல்தான் வேணும்."

"உலக்கைப் பாட்டா? சபையிலயா? அடப் போப்பா, சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். அம்மனுக்கு நீங்க குத்தின அரிசியிலதானே பொங்கல்? பாட்டு மட்டும் ஆகாதா?"

செவ்வந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முத்தையாதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக் கலங்கினான். "மூணும் அஞ்சும் எட்டுதானேடா! ஒன்பதாவது ஆள்?"

"அவராவே வருவார். அக்கா, மந்திரி ஆசனத்துக்கு முன்னால நல்ல கனமா ஒரு மாக்கோலம் போட்டுடுங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. குழந்தையன் ஒத்தைப் பிடித்தான். அதன்மேல் அஞ்சு குரலும் ஏறின. உலக்கைகள் 'தொம் தொம்' என்று விழ, வளையல்கள் கலகலக்க, தவில் குறுக்கே புகுந்து விளையாடியது. வெற்றிலையை வாயில் வைத்த ராஜா அதை மெல்லவே மறந்துபோனார்.

முடிந்ததும் ராயர் துள்ளி எழுந்தார். "எட்டு! எட்டே பேர்!"

"மந்திரி ஐயாவோட வேட்டியைப் பாருங்க, மகாராஜா" என்றான் குழந்தையன்.

சபையே பார்த்தது. ராயரின் கைத்தடி பாட்டுக்குத் தாளம் தட்டிய தட்டலில் கோலம் இருந்த இடம் தெரியவில்லை. வேட்டி முழங்கால்வரை மாவு.

"ராயரே, தாளம் எங்கேயாவது தப்பியதோ?" என்றார் ராஜா.

"நானா? எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் தப்பாது!" என்று நெஞ்சை நிமிர்த்தியவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி குழந்தையன் பக்கம் திரும்பினார். "அட, உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ஸ்வரம் ஊதுறவனுக்கு வேடிக்கை பார்க்கிறதைத் தவிர வேற என்ன வேலை, மகாராஜா? இருபது வருஷமா அந்தத் தடியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

எட்டுப் பேருக்கும் பட்டு கிடைத்தது. ஒன்பதாமவருக்கு மேளத்தில் நிரந்தர இடம் கிடைத்தது. அம்மன் புண்ணியத்தில் வெள்ளிதோறும் உலக்கை மேளம் முழங்கியது. வரிசைக் கடைசியில் ராயர் நிற்பார். முகம் கடுகடுவென்றிருக்கும், தடி மட்டும் ஜோராகத் துள்ளும்.