கீரிக்குக் கிடைத்த காவல் வேலை

ஏரிக்கரையில் ஒரே பரபரப்பு! கரையோரக் கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகள் காவலுக்கு ஆள் தேடின. சாரைப்பாம்புகள் தினமும் முட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தன.

செய்தி கேட்டதும் கீரி ஓடோடி வந்தது. முட்டை திருடியதற்காக, போன மழைக்காலம் முழுக்க காட்டு விலங்குகளின் பஞ்சாயத்து அதை ஏரியைவிட்டு விலக்கி வைத்திருந்தது. தண்டனை முடிந்தும் யாரும் வேலை தரவில்லை. வளையில் குட்டிகள் பசியோடு கிடந்தன. இதுவும் கிடைக்காவிட்டால் காட்டைவிட்டே போக வேண்டியதுதான்!

“திருட்டைப் பற்றி மூச்சுவிடாதே அக்கா! மலைக்கு அப்பாலிருந்து வந்ததாகச் சொல்லிவிடு!” என்று அணில் காதைக் கடித்தது.

பறவைகளின் புதிய தலைவரான கூழைக்கடா கேட்டது: “போன மழைக்காலத்தில் எங்கே இருந்தாய்?”

“ம... மலைக்கு அப்பால், ஐயா!”

“அடடே! என் மாமனார் வீடு அங்கேதான்! நீ எந்தச் சுனைப் பக்கம்?”

கீரி இனி பொய்யாக ஒரு சுனையை உண்டாக்க வேண்டும். அதற்கு ஒரு பாதையும் போட வேண்டும்!

“பொய் சொல்லிவிட்டேன், ஐயா! முட்டை திருடித் தண்டனையில் இருந்தேன்.”

மரமெல்லாம் சிறகடித்தது. ஒரு நாரை கீழே பாய்ந்தது. “யார் முட்டை?”

“உங்களுடையதுதான், அம்மா.” கீரி தலைகுனிந்தது. “அதன்பிறகு ஒரு கூட்டையும் தொடவில்லை. பாம்பு வரும் வழியெல்லாம் எனக்குத் தெரியும். கீழேயே நிற்கிறேன். மரத்தில் கால் வைத்தால் கொத்தித் துரத்துங்கள்!”

“வாய் மட்டும் நன்றாக இருக்கிறது!” என்றது நாரை.

கூழைக்கடா யோசித்தது. “இன்று பகல் நின்று காட்டு, பார்ப்போம்!”

பறவைகள் இரை தேடப் பறந்தன. சற்று நேரத்தில் சாரைப்பாம்பு நெளிந்து வந்தது. கீரி சீறிப் பாய்ந்தது! பாம்பு புதருக்குள் ஓடி ஒளிந்தது!

அப்போது பலத்த காற்று. நாரையின் கூட்டிலிருந்து ஒரு முட்டை பொத்தென்று சேற்றில் விழுந்தது. உடையவில்லை! சுற்றிலும் யாருமில்லை. கீரியின் வாயில் நீர் ஊறியது.

சட்டென்று பின்னால் நகர்ந்து அது கத்தியது: “அம்மா! உங்கள் முட்டை! ஓடி வாருங்கள்!”

நாரை பதறி வந்தது. முட்டையைப் பார்த்தது. தள்ளி நின்ற கீரியைப் பார்த்தது.

“ஐயா!” என்று, பின்னாலேயே பறந்து வந்த தலைவரை நோக்கிக் கூவியது. “நாளைக்கும் என் மரத்தடியில் இவளே நிற்கட்டும்!”

பழைய தவறை மறைத்துத் தேடும் வேலை ஒரே கேள்வியில் நழுவிவிடும்; அதை ஒப்புக்கொண்டு, திருந்தி நடந்து காட்டுபவருக்கே நம்பிக்கை கிடைக்கும்.