காட்டைப் பாடிய இருவர்

வெள்ளைத்தாய் காட்டோரத்து ஊர் ஒன்றில் பழம்பாடல்கள் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருக்கு நாற்பது வயது. படிக்க வந்தவர்களில் ஆறுமுகநயினார்தான் மூத்தவர், அறுபத்திரண்டு. கடற்கரையில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். மகன் இறந்த மறு மாதம் இங்கே வந்து சேர்ந்தார். இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகன் இறந்தது இந்தக் காட்டில்தான் என்பது ஊருக்கே தெரியும். யாரும் அவரிடம் அதைப் பேசுவதில்லை.

அந்தக் காட்டைப் பாடிய பழைய புலவர்கள் இரண்டு பேர். காயாம்பூவார் அதன் சுனையையும் நிழலையும் பாடினார். இண்டங்காட்டார் முள்ளையும் தாகத்தையும் செத்த மாட்டையும் பாடினார். இருவரில் யார் பெரியவர் என்று படிக்க வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். நயினார் அதில் வாய் திறந்ததே இல்லை.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். மற்றவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“தாயி, ஒண்ணு கேக்கணும். ரெண்டு பேர்ல யாரு பெரியவரு?”

“உங்களுக்கு என்ன தோணுது ஐயா?”

“இண்டங்காட்டார்தான். அவரு கண்டதைச் சொன்னாரு. இன்னொருத்தர் பொய்யரு.”

“பொய்யரா?”

“மருதமரத்து வளைவுல ஆத்து மணலைத் தோண்டுனா தண்ணி ஊறும்னு பாடி வச்சிருக்காரே. எம்மவன் பலவேசம் அங்க மூணு குழி தோண்டியிருந்தான். வெறுங்கையால. நகம் பூரா பேந்து போயிருந்துச்சு. மூணாவது குழிக்குப் பக்கத்துலதான் கெடந்தான்.”

நயினார் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“உப்புல பொறந்து உப்புல வளந்த பய. காட்டைக் கண்ணால பார்த்ததில்ல. பாட்டை நம்பித்தான் போனான். இந்தப் புஸ்தகம் இங்க இருக்கக் கூடாது தாயி. இன்னொருத்தன் படிச்சுட்டுப் போவான்.”

காயாம்பூவார் பாடல் புத்தகம் அவர் மடியில் இருந்தது. அட்டை கழன்ற பழைய அச்சு.

வெள்ளைத்தாய் எழுந்து அடுப்படிக்குப் போனார். தீப்பெட்டியோடு வந்து அதை அவர் முன்னால் வைத்தார்.

“கொளுத்தலாம். அதுக்கு முந்தி அந்தப் பாட்டை ஒரு தடவை சொல்லுங்க. என்னத்தைக் கொளுத்துறோம்னு தெரியணும்ல.”

நயினார் புத்தகத்தைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சுனை வந்தது, நிழல் வந்தது, மான்கள் வந்தன. சொல்லச் சொல்ல அவரை அறியாமலே அவர் முழங்கால் மெல்ல ஆடியது.

“மணலை விலக்கினால் மதுநீர் ஊறும்,
மருத வளைவில் என் தாகம் ஆறும்.”

நிறுத்தினார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இன்னும் ரெண்டு வரி இருக்கு ஐயா.”

வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. நயினார் கண்ணைத் திறந்தார். பிறகு, பாடாமல், வெறும் பேச்சாகச் சொன்னார்.

“மாசி கழிந்தபின் வாராதே நண்பா,
வளைவும் வறளும், மணலே மிஞ்சும்.”

“அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.” குரல் இறங்கிவிட்டது. “சின்னதுல இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தூங்குவான். சுனை வரும்போதே கண்ணு சொருகிரும். வளைவு வரும்போது அசந்துருவான். நானும் நிப்பாட்டிருவேன். ஒரு நாள்கூட அந்த ரெண்டு வரி அவன் காதுல விழல.”

“தம்பி காட்டுக்கு வந்தது எப்போ?”

“போன சித்திரையில. பத்தாந்தேதி. நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். ஜன்னல் வழியா அந்தப் பாட்டைத்தான் பாடிக் காட்டினான். அப்பவும் எனக்கு நெனப்பு வரல தாயி. நிப்பாட்டி நிப்பாட்டியே பழகுன எடம்.”

புத்தகம் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

“இண்டங்காட்டாரைப் பாடியிருந்தேன்னா அவன் போயிருக்க மாட்டான்.”

“தூங்கியிருக்கவும் மாட்டான்.”

நயினார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அடங்குவதற்கு நேரமானது.

“யாரு பெரியவருன்னு கேக்க நான் இங்க வரல. அவனைக் கொன்னது யாருன்னு கேக்கத்தான் ஒரு வருஷமா கெடக்கேன். புலவரு இல்லன்னா, நாந்தானே தாயி?”

வெள்ளைத்தாய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“புள்ள தூங்குன பொறவும் பாட்டை முழுசா பாடி முடிச்ச தகப்பனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல ஐயா” என்றார்.