வெளிப்பக்கம் பூசிய கரை

கருங்கல் ஓடையில் கொடுக்காயி என்றொரு நண்டு இருந்தாள். அவளுக்கு மூக்கு கிடையாது; இருந்திருந்தால் கோபம் எந்நேரமும் அதன் நுனியில்தான் இருந்திருக்கும். ஆனால் ஈரத்தைக் காலால் தொட்டே கண்டுபிடிக்க அந்தக் காட்டில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

ஒவ்வொரு கோடையிலும் ஓடை வற்றிவிடும். தண்ணீர் தேடி மலை தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அதனால் ஓடையின் குறுக்கே கரை கட்டிக் குளம் உண்டாக்க ஐந்து பேர் சேர்ந்தார்கள். நீர்நாய் முக்குளி கல் உருட்டினாள். காட்டுப்பன்றி கிளறான் மண் தோண்டினான். பெருச்சாளி மொண்டியப்பன் மண்ணைச் சுமந்து அடைத்தான். கொடுக்காயி கரைமேல் நடந்து சோதித்தாள். மலை அணில் செவ்வாலன் மரத்தின் மேலிருந்து யோசனை சொன்னான். அவனுக்குத் தரையில் கால் வைத்துப் பழக்கமில்லை.

ஐவருக்குள்ளும் ஒரு வழக்கம் இருந்தது. கசிவைக் கண்டவர் கல்லில் மூன்று முறை தட்ட வேண்டும். தட்டும் சத்தம் கேட்டால் மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். "எங்கே?" என்று மட்டும்தான் கேட்பார்கள். யாரால் வந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். முக்குளி தண்ணீரில் மூழ்கி, குளத்தின் உள்பக்கமாகக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைப்பாள். வெளிப்பக்கம் பூசினால் தண்ணீர் கரைக்குள்ளேயே தங்கி அதை ஊறவைத்துவிடும் என்பது அந்த ஐந்து பேருக்கும் நன்றாகத் தெரியும்.

முதல் கோடையில் குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சேதி காடெங்கும் பரவியது. முயல்கள் வந்தார்கள், குரங்குகள் வந்தார்கள், கீரிகள் வந்தார்கள். ஐந்து பேர் ஐம்பதாகி, ஐம்பது நூறாயிற்று. மேலிருந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்த செவ்வாலன் அவர்களுக்குத் தலைவனானான். நேற்று வந்தவன் இன்று வந்தவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தான். அவனுக்கே தெரியாததை அவன் எப்படிச் சொல்லிக் கொடுப்பான்!

அடுத்த கோடை நெருங்கியது. மலைக்கு அப்பால் ஒரு யானைக் கூட்டம் இருந்தது. அதன் தலைவி சொல்லி அனுப்பினாள்: "குளம் கழுத்தளவு நிறையட்டும். நாங்க அங்கேயே வந்து தங்கிடுறோம்."

யானைகள் தங்கினால் புலி கிட்டே அண்டாது. செவ்வாலனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் வேலை செய்யும் ஒருவரையும் கேட்காமல், "வர்ற பௌர்ணமிக்குள்ள கழுத்தளவு!" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

அதோடு விட்டானா? கூட்டம் பெரிதாகிவிட்டதாம், அதற்குப் பண்பாடு வேண்டுமாம்! மரங்கொத்தியைக் கூப்பிட்டுக் கரையோரப் பாறையில் நான்கு வாசகம் கொத்தச் சொன்னான். 'வேகமே உயிர்.' 'துணிந்து செய்.' 'நாம் ஒரே குடும்பம்.' 'பயமின்றிப் பேசு.' கொத்தி முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் கல் உருட்ட வேண்டிய முப்பது பேர் பாறையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பௌர்ணமிக்குப் பத்து நாள் இருந்தது. கரையின் நடுவில் கொடுக்காயியின் கால் குளிர்ந்தது. உடனே கல்லில் மூன்று முறை தட்டினாள். நூறு பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். மரத்திலிருந்து செவ்வாலன் எட்டிப் பார்த்தான்.

"யார் போட்ட மண்ணு அது?"

கொடுக்காயி திகைத்துப் போனாள். "அது எதுக்கு இப்போ? முக்குளியைக் கூப்பிடு, அடைப்போம்!"

"முதல்ல ஆளைச் சொல்லு!"

மொண்டியப்பன் முன்னால் வந்தான். சூதுவாது தெரியாதவன். "நான்தாங்க. அடியில கல்லு வைக்கணும். கல்லு வர ரெண்டு நாள் ஆகும்னாங்க. நீங்கதான் நிக்காதே, மண்ணைப் போடுன்னு சொன்னீங்க."

"பழியை என் தலையில கட்டுறியா? இப்படிப்பட்டவன் நம்ம குடும்பத்துக்கு ஆகமாட்டான். போடா வெளியே!"

முதல் நாளிலிருந்து மண் சுமந்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடந்தான். 'பயமின்றிப் பேசு' என்று கொத்திய பாறையைத் தாண்டித்தான் போனான். உண்மையைச் சொன்னதற்கு இதுவா கூலி!

அன்றிலிருந்து கரையில் தட்டும் சத்தமே கேட்கவில்லை. கசிவுகள் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தன. கண்டவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு கை சேற்றை எடுத்து வெளிப்பக்கம் அப்பிவிட்டு நழுவினார்கள். வெயிலில் சேறு காய்ந்ததும் கரை புத்தம் புதிதாகத் தெரிந்தது. மேலிருந்து பார்த்த செவ்வாலன் பூரித்துப் போனான். "பார்த்தீங்களா! ஒருத்தனை அனுப்பினதும் ஓட்டையெல்லாம் போயே போச்சு!"

இதற்கிடையில் சூரன் என்ற குரங்கின் காட்டில் மழை! கரையின் ஓரத்தில் ஒரு கசிவை அவன் முந்தைய நாளே பார்த்திருந்தான். பார்த்துவிட்டுக் கமுக்கமாக இருந்தான். மறுநாள் அது பீய்ச்சி அடிக்கத் தொடங்கியதும், "ஐயோ, கரை போகுது!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, மார்பால் அணைத்து, கல்லை அள்ளிப் போட்டு அடைத்தான். செவ்வாலன் அவனுக்கு அத்திப்பழ மாலை போட்டான்.

"இவனல்லவா வீரன்! இதுதான் நம்ம பண்பாடு!"

தினமும் தண்ணீருக்கு அடியில் மூழ்கி, ஓட்டை வருமுன்பே அடைத்துக்கொண்டிருந்த முக்குளிக்கு ஒரு காய்ந்த அத்தி இலைகூடக் கிடைக்கவில்லை. கொடுக்காயிக்கு அது பொறுக்கவில்லை. நண்டுக்குப் பல் இருந்திருந்தால் நறநறவென்று கடித்திருப்பாள்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் காலை, எல்லோரும் பாறை முன் கூடியிருந்தார்கள். கொடுக்காயி பக்கவாட்டில் நடந்து நடுவில் போய் நின்றாள்.

"தலைவரே, கரை முழுக்க ஊறிப்போச்சு. என் எட்டுக் காலும் சொல்லுது. எல்லாரும் வெளியே பூசி மெழுகிட்டு இருக்காங்க. உயரம் ஏத்துறதை நிறுத்துங்க. உள்ளே இறங்கி அடைக்க ஏழு நாள் கொடுங்க!"

"நாளைக்கு யானைங்க வராங்க. ஏழு நாளாம்!"

"வரட்டும். வந்தவங்ககிட்ட உண்மையைச் சொல்லுவோம்!"

செவ்வாலன் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றினான். "ஒண்ணு கேக்குறேன். நூறு பேர் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை உனக்கு மட்டும் எப்படித் தெரியுது? வரப்புல வளை தோண்டுற சாதிதானே நீ? ஓட்டை போடுறதே நீதானோ என்னவோ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சூரன் அத்திப்பழத்தை மென்றுகொண்டே சிரித்தான். சேறு காயாத கையோடு நின்ற கீரிகளும் சிரித்தார்கள். கிளறான் தரையைப் பார்த்தான். முக்குளி எங்கோ பார்த்தாள்.

"சிரிங்கடா, சிரிங்க!" என்று கத்தினாள் கொடுக்காயி. "உங்க கையில இருக்கிற சேறு எந்த இடத்துச் சேறுன்னு எனக்குத் தெரியும்!"

"இவ நம்ம உற்சாகத்தைக் கெடுக்கிறா. வெளியே போட்டுடுங்க!" என்றான் செவ்வாலன்.

இரண்டு குரங்குகள் அவளைத் தூக்கி ஓடையின் கீழ்ப்பக்கத்து மணலில் எறிந்தார்கள். அங்கேதான், கரைக்கு நேர் கீழே, முக்குளியின் பொந்து இருந்தது. பொந்துக்குள் இன்னும் கண் திறக்காத நான்கு குட்டிகள் இருந்தன.

கொடுக்காயி பொந்து வாசலிலேயே கிடந்தாள். உச்சி வெயிலில் முக்குளி பால் கொடுக்க வந்தாள்.

"குட்டிங்களை இப்பவே மேட்டுக்குக் கொண்டு போடி!"

"நீ ஒண்ணு, சும்மா பயமுறுத்தாதே."

"பயமுறுத்துறேனா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. உனக்குத் தெரியாதா?"

முக்குளி குட்டிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "நேத்து ஒண்ணு பார்த்தேன். நடுக்கரையில, அடியில. கையே உள்ளே போகுது. சொன்னா மொண்டியப்பன் கதிதான் எனக்கும். இந்தக் குட்டிங்களை வச்சுக்கிட்டு கோடையில நான் எங்கே போவேன்? வெளியே பூசிட்டு வந்துட்டேன்."

"நீயுமா!" என்று கேட்டாள் கொடுக்காயி. ஊரே பூசியபோது வந்தது கோபம்தான்; தோழியும் பூசினாள் என்றபோது அழுகையே வந்துவிட்டது.

"நாளைக்கு யானைங்க வந்து சேரட்டும். அப்புறம் நானே மூழ்கி அடைச்சிடுறேன். சத்தியமா!"

எவ்வளவு கெஞ்சியும் முக்குளி அசையவில்லை. குட்டிகளை மேட்டுக்குத் தூக்கினால் நூறு பேர் பார்ப்பார்கள், ஏனென்று கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று பயந்தாள்.

மறுநாள் காலை யானைகள் மலையிறங்கி வந்தார்கள். குளம் கழுத்தளவு தளும்பியது. செவ்வாலன் உச்சாணிக் கிளையில் நின்று, "வாங்க, வாங்க! வேகமே உயிர்!" என்று முழங்கினான். முதல் யானை கரையருகே காலை ஊன்றினாள்.

கரை வெடிக்கவில்லை. நனைந்த புற்று உட்காருவது போல நடுவில் மெல்ல உட்கார்ந்தது. அடுத்த நொடி மொத்தக் குளமும் அந்த வழியே பாய்ந்தது.

முக்குளி பாய்ந்தாள். கொடுக்காயி பொந்துக்குள்தான் இருந்தாள்; ஒரு குட்டியைக் கொடுக்கால் இறுகப் பிடித்து வேரோடு ஒட்டிக்கொண்டாள். முக்குளி இரண்டைக் கவ்வி எடுத்தாள். நான்காவது குட்டி கிடைக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு, ஓடையின் வளைவு வரைக்கும் போய்த் தேடினார்கள். கிடைக்கவே இல்லை.

குளம் இருந்த இடத்தில் சேறு கிடந்தது. நூறு பேரும் அதில் நின்றார்கள். செவ்வாலன் மட்டும் மரத்தில் இருந்தான், வாலில் ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

"இது எதிர்பாராத விபத்து! யாருக்கும் தெரியாம நடந்துபோச்சு!" என்றான் அவன்.

யானைத் தலைவி கூட்டத்தைப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய கரை. கசிஞ்சது உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியாது?"

முக்குளி மூன்று குட்டிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

கிளறான் தலையைக் குனிந்தான். "எனக்கும் தெரியும்."

"எங்களுக்கும்" என்றார்கள் கீரிகள். "எங்களுக்கும்" என்றார்கள் முயல்கள். சூரன்கூட முணுமுணுத்தான். ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்லாதவர் யாருமில்லை.

யானைகள் திரும்பி மலையேறினார்கள். அன்று மாலையே செவ்வாலன் அடுத்த காட்டுக்குத் தாவிவிட்டான்; அங்கே இதைவிடப் பெரிய குளம் கட்டப்போவதாகக் கேள்வி. இங்கே கோடை தொடங்கியது.

சேற்றில் நின்ற கொடுக்காயியிடம் முக்குளி வந்தாள். "நீ சொன்னியே, கொடுக்காயி. நீ சொன்னியே."

"சொன்னேன்" என்றாள் கொடுக்காயி. தான் சொன்னதே சரியாகப் போனதில் அவளுக்குத் துளியும் சந்தோஷமில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை; அந்த நான்காவது குட்டியை நினைக்கும்போதெல்லாம் அது ஆறப்போவதும் இல்லை.

ஓட்டையைச் சொன்னவரைத் துரத்துகிற கூட்டம், பாறையில் எத்தனை நல்ல வார்த்தைகளைக் கொத்தி வைத்தாலும், எல்லோருக்கும் தெரிந்த ஓட்டையாலேயே அழியும்.