சுனை கறுத்த கதை

மரமும் புல்லும் தண்ணீரும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மேகம் வந்து உரசிப் போகும் உயர்ந்த மலை ஒன்றில் வெண்குளம்பி என்ற பெண் வரையாடு இருந்தாள். நான்கு குளம்பும் வெளுத்துப் பிறந்ததால் அந்தப் பெயர். பாறையில் படுப்பதும் புல்வெளியில் மேய்வதும்தான் அவள் கூட்டத்தின் பிழைப்பு. திறந்த வெளியில் சிறுத்தை எப்படிப் பதுங்கினாலும் கண்ணில் பட்டுவிடும். ஒரு சீழ்க்கை அடித்தால் போதும், மொத்தக் கூட்டமும் பாறை உச்சிக்கு ஏறிவிடும்.

மலையின் பள்ளங்களில் சோலைக்காடு இருந்தது. வெகுகாலம் அது பள்ளத்தோடு கிடந்தது. பிறகு காற்றில் சூடு ஏறியது, மழை கூடியது. காடும் மெல்ல மேட்டுக்கு ஏறத் தொடங்கியது. ஒரு மழைக்காலத்துக்கு ஓரடி, இரண்டடி. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புல்லாயிருந்த சரிவில் புதர் மண்டியது. அந்தப் புதருக்குள்ளிருந்துதான் ஒருநாள் சிறுத்தை பாய்ந்தது. வெண்குளம்பியின் குட்டி பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் சீழ்க்கை அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று நாள் அவள் வாயில் புல் வைக்கவில்லை. நாலாம் நாள் காட்டின் முகப்பில் நின்ற நாவல் மரத்திடம் போனாள்.

“உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கே போய்விடு. இது புல்லின் இடம்.”

நாவல் கோபப்படவில்லை. “யார் சொன்னது? மலை தோன்றிய நாளிலிருந்து இது எங்கள் இடம். நடுவில் புல் வந்து குந்திக்கொண்டது. நாங்கள் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறோம், அவ்வளவுதான்.”

புல்லுக்குப் பொறுக்கவில்லை. “அபாண்டம்! நான் வருமுன் இங்கே வெறும் பாறைதான் இருந்தது.”

“அதற்குச் சாட்சி உண்டா?”

“உனக்கு உண்டா?”

இரண்டு பேருக்கும் இல்லை. காற்றைக் கேட்டார்கள். “நான் எங்கே ஓரிடத்தில் நின்றேன், பார்த்து வைப்பதற்கு?” என்று சொல்லிக்கொண்டே அது போய்விட்டது.

அது பங்குனி மாதம். அன்று பிற்பகல் மழையில்லாத இடி ஒன்று இறங்கி, முகட்டில் நின்ற பட்டமரம் புகையத் தொடங்கியது. புல் வெண்குளம்பியின் காதோடு சொன்னது: “அங்கே தீ இருக்கிறது. என்னில் காய்ந்த கற்றை ஒன்றைக் கொண்டுபோய் அதன்மேல் போடு. தீ என் வழியாகவே பரவிக் காட்டுக்குள் இறங்கும். நான் எரிந்தாலும் வேரிலிருந்து துளிர்ப்பேன். மரங்களால் அது ஆகாது. வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடும்.”

வெண்குளம்பி கற்றையைக் கவ்விக்கொண்டு ஏறினாள். வழியில் ஒரு சுனை. அந்த மலையிலேயே தெளிந்த தண்ணீர் அதுதான். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். தாகம் தாளாமல் கற்றையைக் கரையில் வைத்துவிட்டுக் குடித்தாள்.

“தங்கச்சி, வாயில் என்ன கொண்டுவந்தாய்?” என்றது சுனை.

“தீக்குத் தீனி, அக்கா.”

சுனை கேட்டது: “காட்டுக்குள் கடமான் குட்டி போட்டிருக்கிறது. தெரியுமா?”

“என் குட்டிக்காக யார் அழுதார்கள்?” என்று சீறினாள் வெண்குளம்பி. “இந்த மலையில் எது உதிர்ந்தாலும் உன்னிடம்தானே வந்து விழுகிறது? மரத்தின் மகரந்தமும் புல்லின் மகரந்தமும் உன்மேல்தானே படிகிறது? ஒன்றையாவது வைத்திருந்தால் இந்தச் சண்டைக்குச் சாட்சி கிடைத்திருக்குமே!”

“இப்போது விழுவதெல்லாம் அழுகிப் போகும், இல்லாவிட்டால் ஓடையோடு போய்விடும்” என்றது சுனை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னது: “ஆனால் கற்களுக்குக் கீழே, முற்காலத்தில் விழுந்ததெல்லாம் காற்றுப் புகாமல் புதைந்த பழைய சேறு இருக்கிறது. அதை நானே பார்த்ததில்லை. அவ்வளவு ஆழத்தைக் கிளறினால் நான் மறுபடி தெளிய மாட்டேன்.”

வெண்குளம்பி வற்புறுத்தவில்லை. குனிந்து கற்றையைக் கவ்வினாள். இரண்டடி நடந்திருப்பாள்.

“நில். அதைக் கீழே போடு. இறங்கி வா.”

பொழுது சாயும்வரை அவள் குளம்பால் தோண்டினாள். தோண்டத் தோண்டச் சேறு நிறம் மாறியது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வாய் அள்ளிக்கொண்டுபோய், வந்த வரிசை மாறாமல் நாவலின் வேரடியில் வைத்தாள்.

முதல் கட்டியைப் பார்த்ததும், “இது என் மகரந்தம்” என்றது புல். இரண்டாவதைப் பார்த்து, “இது எங்கள் பூவின் தூள்” என்றது நாவல். மூன்றாவதில் மறுபடி புல். நாலாவதில் மறுபடி மரம்.

“அதற்கும் கீழே?” என்று இரண்டும் ஒரே குரலில் கேட்டன.

“இன்னும் போகிறது. என் குளம்புக்கு எட்டவில்லை.”

வரிசையாய்க் கிடந்த கட்டிகளைப் பார்க்கப் பார்க்க எல்லாருக்கும் விளங்கியது. மலை குளிர்ந்து மழை குறைந்த காலமெல்லாம் புல் பரவியிருக்கிறது; சூடும் மழையும் கூடிய காலமெல்லாம் காடு ஏறியிருக்கிறது. யாரும் யாரையும் துரத்தவில்லை.

“அப்படியானால் நீங்களும் ஒருநாள் கீழே இறங்குவீர்கள்” என்றாள் வெண்குளம்பி நாவலிடம்.

“இறங்குவோம் போலிருக்கிறது.”

“எப்போது?”

“அதைப் பார்க்க நீ இருக்க மாட்டாய். நானும் இருக்க மாட்டேன்” என்றது நாவல். கொஞ்சம் பொறுத்து, “உன் குட்டிக்கு நடந்தது எங்கள் நிழலில் நடந்தது. அதை நான் மறுக்கவில்லை” என்றது.

போன குட்டி போனதுதான். அந்த வார்த்தையால் அது திரும்பி வரப் போவதில்லை. ஆனாலும் அவள் முகட்டுக்குப் போகவில்லை. விடிகாலையில் மூடுபனி இறங்கி, பட்டமரத்துத் தீ தானாக அணைந்தது. மரம் வேர்பிடிக்க முடியாத செங்குத்துப் பாறைகளின் பக்கம் கூட்டத்தைக் கூட்டிப்போகத் தீர்மானித்து, புறப்படுமுன் சுனையிடம் வந்தாள்.

தண்ணீர் மையாய்க் கறுத்திருந்தது. கூழாங்கல்லும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை.

“என்னால்தான், அக்கா” என்று தலை குனிந்தாள்.

“உன்னால் மட்டுமா? வரச் சொன்னது நான்” என்றது சுனை. “அழாதே. ஓடை வாயில் கல்லை உருட்டி அடைத்துவிடு. தண்ணீர் தேங்கட்டும். தேங்கினால் உள்ளே காற்றுப் புகாது, விழுந்தது அழுகாது. இனி என்மேல் விழுவதையெல்லாம் வந்த வரிசையிலேயே வைத்துக்கொள்கிறேன். அடுத்து யாராவது சண்டையிட்டால் தீயிடம் போகவேண்டாம். என்னிடம் வரட்டும்.”

வெண்குளம்பி கொம்பால் முட்டி முட்டிக் கல்லை உருட்டினாள். ஓடைச் சத்தம் நின்றது. தேங்கிய சுனை சதுப்பாகிப் போனது.

அன்று முதல்தான் உயர்ந்த மலைகளின் பள்ளங்களில் சதுப்பு கறுத்துக் கிடக்கிறது, தன்மேல் விழுந்த மகரந்தத்தை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அழுகவிடாமல் காக்கிறது. அதனால்தான், அந்த மலை எப்போது குளிர்ந்தது, எப்போது காய்ந்தது, எப்போது மழையில் நனைந்தது என்று அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் நீண்ட குழாய் ஒன்றை அதற்குள் மெல்ல இறக்கி, வரும் சேற்றை வரிசை கலையாமல் எடுத்து, விரற்கடை விரற்கடையாகப் படித்துப் பார்க்கிறார்கள்.